அடுப்படியில் கண்டது

நிறம் மாறாது எக்கா. மணமும் வராது. லேசா ஒரு கசப்பு இருக்கும், அவ்வளவுதான். சாம்பார்ல விட்டா சரிப்படாது, பாதி மருந்து பருப்போட அடியில தங்கிரும். ரசந்தான் தோது. மிளகும் புளியும் கொஞ்சம் தூக்கலா வச்சு, இறக்கி, சூடு தணிஞ்ச பொறவு அவங்க கிண்ணத்துல மட்டும் தனியா விடணும். மொத்தச் சட்டியில விட்டுராதீங்க, வீடே தூங்கிரும்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? ஆஸ்பத்திரி மருந்து குடுக்குற சன்னலுக்குள்ள தலைய விட்டு, சாப்பாட்டுல கலந்து குடுக்கலாமான்னு அந்தத் தம்பிகிட்ட நீங்க மெதுவாக் கேட்டது என் காதுல விழுந்துட்டு. நான் உங்க பின்னாலதான நின்னேன். அவன் 'டாக்டர்ட்ட கேளுங்கம்மா'ன்னு சொல்லிட்டான். அவன் அப்படித்தான் சொல்லுவான், அவன் வேல போயிரும்லா. நான் சொல்லுதேன். எனக்குத் தெரியாததா? வருஷக்கணக்காக் கலந்தவ நான்.

ஆனா கலக்காதீங்க எக்கா. சத்தியமாச் சொல்லுதேன்... ஐயோ, சத்தியம்கிற வார்த்தையே என் வாயில வரக்கூடாது. சும்மாவே சொல்லுதேன், கலக்காதீங்க. கையில வச்சிருக்க அந்த மருந்து பாட்டிலப் பைக்குள்ள வைங்க முதல்ல. இப்படி உக்காருங்க. மின்விசிறிக்கு அடியில குனிஞ்சு இருக்கது உங்க மகளா? காலேஜா? நல்ல லெச்சணமான பிள்ள. மாத்திரையத் துப்புதாளாக்கும். ம்ம். எல்லா வீட்டுலயும் இதான் எக்கா, நீங்க ஒண்ணும் புதுசாப் பாவம் செஞ்சிரல.

எங்க வீட்டுக்காரவிய டீ வாங்கப் போயிருக்காவ. டோக்கன் இன்னும் கூப்பிடல. அதுக்குள்ள சொல்லிருதேன். உங்க ஊரு எது, பேரு எதுன்னு எனக்குத் தெரியாது, என்னைய உங்களுக்குத் தெரியாது. அது ஒரு வகைக்கு நல்லது. தெரிஞ்ச ஆளுகிட்ட இதச் சொல்ல முடியுமா? மறுநாளு ஊரு பூரா வந்துரும்.

நான் பொன்செல்வி. உடன்குடிக்குப் பக்கம். வீட்டுக்காரவிய பேரு லிங்கதுரை. மோட்டார் காயில் கட்டுத கடை வச்சிருக்காவ. தோட்டத்துல கிணத்து மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னா எங்க பக்கத்துல எல்லாரும் அவியகிட்டதான் தூக்கிட்டு வருவாவ. கம்பிய ஒவ்வொரு சுத்தா எண்ணிச் சுத்தணும் எக்கா. ஒரு சுத்து கூடுனாலும் கொறஞ்சாலும் மோட்டாரு மறுபடி பொசுங்கிரும். அவிய கட்டுன மோட்டாரு திரும்ப வந்ததே இல்ல. கண்ணும் கையும் அவ்வளவு சுத்தம்.

கல்யாணமாகி மறுவீடு முடிஞ்சு வந்த அன்னைக்கு, எங்க மாமியா என்னைய அடுப்படிக்குக் கூப்புட்டு கதவச் சாத்துனாவ. நகை ஏதும் தரப்போறாவளாக்கும்னு நெனச்சேன். அரிசிப் பானைக்குள்ள கையவிட்டு ஒரு சின்ன பாட்டில எடுத்துக் கையில வச்சாவ. "இவ்வளவு நாளு நான் பாத்தேன், இனி நீ பாரு. எம்மவனுக்கு முன்ன ஒருதரம் பயந்த கோளாறு வந்து புத்தி கலங்கிப்போச்சு. இத ரசத்துல விட்டா ஒண்ணும் செய்யாது. அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது"ன்னாவ. சாவிக்கொத்தக் குடுக்க மாதிரி குடுத்தாவ எக்கா.

அன்னைக்கு நான் அழுத அழுகை! ஏமாத்திக் கட்டி வச்சிட்டாவளே, ஒரு வார்த்த முன்னாலயே சொல்லலையேன்னு. எங்க அம்மா வீட்டுக்கே போயிருலாம்னுதான் இருந்தேன். பொறவு பாத்தா, மனுஷன் தங்கம். ஒரு கெட்ட வார்த்த கிடையாது, குடி கிடையாது. எனக்கு மல்லிப்பூ மணம் தலைவலின்னு தெரிஞ்சதும் பிச்சிப்பூவாத் தேடி வாங்கிட்டு வருவாவ. கொஞ்சம் மந்தமா இருப்பாவ, ராத்திரி சாஞ்சா விடியதான் முழிப்பாவ, அவ்வளவுதான். இதுக்கு ஒரு சொட்டு மருந்து விட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு நானும் விட்டேன். பிள்ள பொறந்தா. வர்ஷினின்னு பேரு. இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கா.

அந்த மருந்த எழுதிக் குடுத்த டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்குப் பின்னாலதான் தெரியும். கொஞ்ச நாளைக்கு இப்படிக் குடுங்க, தெளிஞ்சதும் அவன்கிட்டயே எடுத்துச் சொல்லி என்கிட்ட கூட்டிட்டு வாங்கன்னுருக்காரு. எங்க மாமியா அந்தப் பக்கம் தலவச்சே படுக்கல. பழைய சீட்டக் காட்டிக் காட்டி மருந்துக் கடையில வாங்கிருக்காவ. பொறவு நானும் அப்படித்தான் வாங்குனேன். என்னைய மட்டும் குத்தம் சொல்லாதீங்க. எனக்கு யாரு சொன்னா?

சரி, விசயத்துக்கு வாரேன்.

போன வருஷம் ஆடி முடியுத சமயம். மத்தியானம் சாப்பிட வந்தவிய முன்வாசல்ல செருப்பக் கழத்துத சத்தம் கேட்டுச்சு. கை கழுவப் பின்னால போவாவ, அதுக்குள்ள விட்டுருவோம்னு பாட்டில எடுத்தேன். அவிய பின்னால போகல. நேரா அடுப்படி வாசல்ல வந்து நின்னுட்டாவ. நான் திரும்பிப் பாக்கையில தண்ணிச் செம்ப எடுத்துட்டுப் போயிட்டாவ. காணலன்னுதான் நெனச்சேன்.

சாப்பிட உக்காந்தாவ. குழம்பு சாப்பிட்டு முடிச்சு, ரசக் கிண்ணத்தக் கையில எடுத்துப் பாத்தாவ. பொறவு என்னையப் பாத்தாவ. கோவமே இல்ல எக்கா, அந்த மொகத்துல. சின்னப் பிள்ள கேக்க மாதிரிதான் கேட்டாவ.

"பொன்செல்வி, ரசத்துல என்னமும் விட்டியா?"

"நானா? என்னத்த விட?"

"சின்ன பாட்டிலு. சொட்டுச் சொட்டா விட்டியே. கண்டேன்."

வர்ஷினி பக்கத்துல உக்காந்து அப்பளத்த நொறுக்கிட்டு இருந்தா. நான் டப்புனு அவ தலையில கைய வச்சேன். "இந்தா, பிள்ள தல மேல சத்தியம். நான் ஒண்ணும் விடல. என் கையில பாட்டிலே கிடையாது. வெயில்ல வந்திருக்கீங்க, கண்ணு இருட்டிருக்கும்"னேன்.

பெத்த பிள்ள தல மேல எக்கா! எந்தப் பேயி அப்ப என் நாக்குல உக்காந்துச்சோ.

அவிய என் கையையே பாத்தாவ. பிள்ள தலையப் பாத்தாவ. "பிள்ள மேல பொய்ச் சத்தியம் நீ செய்ய மாட்ட"ன்னாவ. அந்த ரசத்த முழுசாக் குடிச்சாவ. குடிச்சிட்டு, "அப்ப எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சு போல"ன்னு சிரிச்சாவ. கடைக்குப் போயிட்டாவ. அப்பாடா, தப்பிச்சோம்டா சாமின்னு நான் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். அன்னைக்கு எனக்கு வேற ஒண்ணும் தோணல. தப்பிச்சோம்னு மட்டுந்தான் தோணுச்சு.

அந்த வாரமே குலசைக்குப் போயி, கடல்ல குளிச்சு, மாலை போட்டுட்டு வந்து நின்னாவ.

உங்க பக்கத்துல தசரா எப்படின்னு தெரியல. எங்க பக்கத்துல குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, வேசம் கட்டி, வீடு வீடாப் போயிக் காணிக்கை வாங்கிக் கோயில்ல சேப்பாவ. ராசா வேசம், குறவன் வேசம், போலீஸ் வேசம்னு அவங்கவங்க நேந்துக்கிட்டது. காளி வேசம்னா விரதம் கடுமை. ஒரு மண்டலத்துக்கு மேல வீட்டுச் சாப்பாடு கிடையாது, பொம்பள கையால தண்ணி கூட வாங்க மாட்டாவ. ஊரு ஓரத்துல ஓலையில குடில் போட்டு, அங்கனயே தங்கி, தன் கையால பொங்கி ஒருநேரம் சாப்பிடணும். இவிய காளி வேசம்னாவ.

என்னத்துக்கு திடீர்னு இப்படின்னு கேட்டேன். "கண்ணு தெளியணும்னு அம்மன்ட்ட கேட்டிருக்கேன்"னாவ. எனக்கு அப்பக்கூட உறைக்கல எக்கா. ஏதோ பக்தின்னு இருந்துட்டேன்.

உறைச்சது ஒண்ணே ஒண்ணுதான். மருந்து? குடிலுக்குப் போயி எவன் ரசத்துல விட? மாமியாகிட்ட ஓடுனேன். "அத்த, மருந்து நின்னுருமே, எப்படியாவது மறிங்க"ன்னேன். "அம்மனுக்கு மாலை போட்டவன மறிச்சா நம்ம குடும்பம் வெளங்குமா? அவளப் பாக்கத்தான போறான், அவ பாத்துக்கிடுவா"ன்னுட்டாவ. மறிக்கணும்னா ஏன்னு சொல்லணும். ஏன்னு சொன்னா ரசத்தச் சொல்லணும். ரசத்தச் சொன்னா சத்தியத்தச் சொல்லணும். பேசாம இருந்துட்டேன்.

இன்னொண்ணு கேளுங்க. முதல்ல கொஞ்ச நாளு மனுஷன் அவ்வளவு தெளிச்சி! மந்தமெல்லாம் போயி, மொகத்துல ஒரு களை. தூரத்துல நின்னு பாப்பேன். வெள்ளனமே எந்திரிச்சுக் குளிச்சு, தசராக் குழு ஆளுகளோட சிரிச்சுப் பேசிட்டு இருப்பாவ. பாத்தியா, மருந்தே வேண்டாம் போலிருக்கே, அம்மன் கண்ணத் திறந்துட்டான்னு நான் சந்தோசப்பட்டேன். இங்க உள்ள டாக்டரம்மா பின்னால சொன்னாவ, மருந்து நின்ன உடனே ஒண்ணும் தெரியாதாம், மந்தம்தான் முதல்ல போவுமாம், நோய் பையத்தான் வருமாம்.

பையத்தான் வந்துச்சு. தூக்கம் போச்சு. தனியா நின்னு பேச ஆரம்பிச்சாவ. காதுல யாரோ பேசுதாவன்னாவ. வேற சமயம்னா கோட்டி பிடிச்சிட்டுன்னு சொல்லிருப்பாவ. மாலை போட்ட ஆளுலா, அம்மன் பேசுதான்னு நாலு பேரு வந்து கால்ல விழுந்து குறி கேட்டாவ. என் மாமியாளும் போயி விழுந்தாவ.

கொடி ஏறி, காப்புக் கட்டி, வேசம் போட்டாச்சு. ரெண்டு நாள் கழிச்சு எங்க தெருவுக்குக் குழு வருது. மேளம் காதப் பிளக்கு. முடியும் கிரீடமும் வச்சு, முதுகுல மரக்கை கட்டி, சூலாயுதத்தத் தரையில ஊண்டிக்கிட்டு என் வீட்டு வாசல்ல நிக்காவ. மொகத்துல சிவப்புச் சாயம். எனக்கு என் புருஷன்னே தெரியல எக்கா, அம்மன்தான் தெரியுது. மஞ்சத் தண்ணிய எடுத்துக் கால்ல ஊத்தி, தட்டுல காணிக்கைய வச்சுக் குனிஞ்சேன். குனிஞ்சவ தல மேல சூலாயுதத்த வச்சாவ. மேளக்காரன் நிப்பாட்டிட்டான். அருள்வாக்கு சொல்லப்போறான்னு தெருவே கும்புட்டுக்கிட்டு நிக்கி.

"உள்ளதச் சொல்லு. அன்னைக்கு ரசத்துல என்ன விட்ட?"

அவ்வளவு சனமும் என்னையப் பாக்கு. எங்க மாமியா திண்ணையில நின்னு கண்ண உருட்டுதாவ. நான் என்ன சொல்லணும் எக்கா? எம் புருஷன் கேட்டாவளோ, அம்மன்தான் கேட்டாளோ, யாரு கேட்டிருந்தாலும் உள்ளதத்தான சொல்லணும்? தெருவே கேக்குமேன்னு இருந்துச்சு. மருந்து குடிக்க ஆளுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் மோட்டாரு தருவான், பிள்ளைய எவன் கட்டுவான்னு எல்லாம் அந்த ஒரு நிமிசத்துல ஓடுது.

"ஒண்ணும் விடல தாயே"ன்னேன்.

அவிய கையில இருந்து சூலாயுதம் தன்னால கீழ விழுந்துச்சு. "அம்மனாலயே கண்டுபிடிக்க முடியலன்னா, அப்ப அம்மனும் இல்ல. இதுவும் என் கோளாறுதான்"னு அவிய சொந்தக் குரல்ல சொன்னாவ. கிரீடத்தப் பிச்சு எறிஞ்சாவ. ரெண்டு கைய மடக்கி, அவிய கண்ணுல அவியளே குத்த ஆரம்பிச்சாவ. "பொய்க்கண்ணு, பொய்க்கண்ணு"ன்னு குத்து குத்துன்னு குத்துதாவ. குழு ஆளுக நாலு பேரு சேந்துதான் கையப் பிடிச்சாவ. இடது கண்ணு வீங்கிப் புடைச்சு, ரத்தம் கட்டிட்டு. அப்படியே வேன்ல ஏத்தி இங்க கொண்டாந்து சேத்தோம். மொகத்துச் சாயத்த நர்சம்மா பஞ்சால தொடச்சு எடுத்தாவ.

இங்க நல்லாப் பாத்தாவ எக்கா. குத்தம் சொல்லக்கூடாது. முதல்ல ஊசி. பொறவு தலையில கரண்டு வைக்கணும்னாவ. எங்க மாமியா தரையில உருண்டாவ, எம்மவனக் கொல்லப் பாக்காவன்னு. சினிமாவுல காட்டுத மாதிரி எல்லாம் ஒண்ணும் இல்ல. வெறும் வயித்துல கூட்டிட்டுப் போயி, மயக்க ஊசி போட்டுத்தான் வைக்காவ. திரும்பிக் கொண்டாந்து கொஞ்ச நேரத்துல முழிச்சு, 'பசிக்கி, இட்லி இருக்கா'ன்னு கேட்டாவ. உங்க மகளுக்குச் சொன்னாலும் பயப்படாதீங்க.

சேத்த அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாவ, "இதுக்கு முன்னால மருந்து ஏதும் சாப்பிட்டிருக்காரா?" எங்க மாமியா என் தொடையில கிள்ளுனாவ. நான் இல்லன்னுட்டேன். அதனால டாக்டரம்மா இத புது நோயின்னுதான் வச்சு வைத்தியம் பாக்காவ.

இப்பத்தான் எக்கா முக்கியமான கட்டத்துக்கு வாரேன். என் கையப் பிடிச்சுக்கோங்க.

இங்க வாரத்துல ஒருநாளு நோயாளியளையும் வீட்டாளியளையும் வட்டமா இருத்திப் பேச வைப்பாவ. உங்களையும் வரச் சொல்லுவாவ. மாத்திரை வேண்டாம்னு அடம்பிடிக்கவங்கதான் பாதிப் பேரு. எனக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் நோயின்னு டாக்டரையே வைவாவ. எங்க வீட்டுக்காரவிய மட்டும் முதல்நாள்ல இருந்தே குடுத்த மாத்திரைய மறுபேச்சு இல்லாம முழுங்குனாவ. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "லிங்கதுரை, உங்களுக்கு நோய் இருக்குன்னு எப்ப புரிஞ்சுது? இவங்களுக்கும் சொல்லுங்க"ன்னாவ.

அவிய எந்திரிச்சு நின்னு, கையக் கட்டிக்கிட்டுச் சொல்லுதாவ. "என் சம்சாரம் ரசத்துல எதையோ விடுத மாதிரி எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது மேடம். பாட்டிலோட மூடி நிறம் கூடத் தெரிஞ்சுது. கேட்டேன். அவ பிள்ள தலையில அடிச்சு இல்லன்னா. பெத்தவ பிள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ணுவாளா? அப்பத்தான் புரிஞ்சுது, நான் காணுதது எதுவும் நெசமில்லன்னு. இவ்வளவு தெளிவாக் கண்டதே பொய்யின்னா, வேற எதத்தான் நம்ப? அன்னையில இருந்து எனக்கு நோயின்னு ஒத்துக்கிட்டேன்."

எல்லாரும் கைதட்டுதாவ எக்கா. டாக்டரம்மாவும் தட்டுதாவ. தன் நோய இப்படிப் புரிஞ்சுக்கிடுதது பாதி குணம்னாவ. பக்கத்துல இருந்த அம்மா என் முதுகத் தட்டி, குடுத்துவச்சவம்மா நீன்னா. நானும் தட்டுனேன். என்ன செய்ய, எல்லாரும் தட்டுதாவளே.

அவிய கண்டது நெசம். மூடி நிறங்கூடச் சரி. நோயெல்லாம் இருக்கு எக்கா, இல்லன்னு நான் சொல்லல. காதுல குரலு கேட்டது நோய்தான். ஆனா அடுப்படியில கண்டது நோயில்ல. அது ஒண்ணுதான் அவிய தெளிவா இருந்தபோது கண்டது. அதப் போயி நான் நோயாக்கிட்டேன்.

இங்க இருந்து வீட்டுக்கு அனுப்புன பொறவு கடைக்குப் போறதில்ல. போயிப் பாத்தாவ. கம்பிய எண்ணிச் சுத்துவாவ, பாதியில நிப்பாட்டி, எண்ணுனது சரிதானான்னு தெரியலன்னு அவுத்துருவாவ. மறுபடி சுத்துவாவ, மறுபடி அவுப்பாவ. கம்பி நைஞ்சுபோச்சு. சாவியக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டாவ. இப்ப எல்லாத்துக்கும் நான்தான். "பொன்செல்வி, வாசல்ல ஆட்டோ நிக்கா?" "பொன்செல்வி, மழை பெய்யுதா, எனக்கு மட்டும் கேக்கா?" நான் ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல.

ஒண்ணு சொல்லுதேன், என்னைய வையாதீங்க. அது எனக்குக் கொஞ்சம் பிடிச்சிருக்கு எக்கா. கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு மனுஷன் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காவளே. எங்க மாமியாகூட இப்ப என்கிட்டதான் கேட்டுச் செய்யுதாவ.

போன தடவ இங்க வந்தப்ப என்னாச்சுன்னா, அதுக்கு முந்தின நாளு அடுத்த வீட்டுக்காரி புறவாசலுக்கு வந்து, எப்படி இருக்காரு உங்க வீட்டுக்காரருன்னு குசுகுசுன்னு கேட்டுட்டுப் போனா. இவிய கண்டுட்டாவ. யாரும் வந்தாவளான்னு கேட்டாவ. ஊரு தன்னையப் பத்திப் பேசுதுன்னு தெரிஞ்சா வருத்தப்படுவாவளேன்னு, யாரும் வரலையேன்னேன். சின்ன விசயந்தான? அவிய டாக்டரம்மாகிட்ட, வராத ஆளு வந்த மாதிரி தெரியுதுன்னு சொல்லிட்டாவ. மாத்திரையக் கூட்டிட்டாவ. அதுல இருந்துதான் கை நடுக்கம். டம்ளரப் பிடிச்சா டீ இடுப்புல கட்டிருக்க சாரத்துல ஊத்துது. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் திறக்கல.

ஏன் திறக்கலன்னு கேக்கீங்களா? சொன்னா என்ன ஆவும்னு யோசிச்சுப் பாருங்க. கண்ணு கெட்டதுன்னு நம்பித்தான மாத்திரை போடுதாவ? கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, பொண்டாட்டிதான் பொய் சொன்னான்னு தெரிஞ்சா, அப்ப நோயும் பொய்யின்னு மாத்திரையத் தூக்கி எறிஞ்சிருவாவ. மறுபடி அந்தத் தெரு, அந்தக் குத்து. இல்ல, என்னையவே விட்டுட்டுப் போயிருவாவ. சொல்லலன்னா நல்ல கண்ண வச்சுக்கிட்டு குருடனாட்டம் காலம் பூரா என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நடப்பாவ. எதச் செய்ய? நீங்களே சொல்லுங்க.

வர்ஷினி வேற. தல சீவிவிடக் கைய வச்சா தலைய இழுத்துக்கிடுதா. ஆச்சியே சீவட்டும்கா. காய்ச்சல் வந்தா எனக்கு உசுரே இருக்காது. சத்தியம் பலிச்சிருமோன்னு அம்மனுக்குக் காசு முடிஞ்சுவச்சிருக்கேன். அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. பிள்ளகிட்டயும் தூங்கையில காலத் தொட்டுக் கேட்டாச்சு.

அவியகிட்டயா? அவியகிட்ட... இல்ல எக்கா. இன்னும் கேக்கல.

அதனாலதான் சொல்லுதேன், உங்க மக துப்புனாலும் பரவால்ல, அவகிட்டயே பேசுங்க. மாசம் ஒருக்கப் போடுத ஊசி கூட இருக்காம், அவளையே கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட கேளுங்க. அப்படியே கலந்துட்டீங்கன்னாலும், கேட்ட அன்னைக்கு ஆமான்னு சொல்லிருங்க. அடிச்சாலும் மிதிச்சாலும் ஆமான்னு சொல்லிருங்க. அந்த ஒத்த வார்த்தைக்கு அவங்க கண்ணாவது அவங்ககிட்ட இருக்கும்.

நீங்க ஏன் எக்கா அழுவுதீங்க? எனக்கும் கண்ணு நிக்கமாட்டேங்கு. இருங்க, தொடச்சுக்கிடுதேன். அந்தா வாராவ பாருங்க, கட்டம்போட்ட சட்டை. ரெண்டு கையாலயும் டம்ளரப் பிடிச்சுக்கிட்டு, சிந்திராம வாராவ.

வாங்க. எனக்கா? குடுங்க, குடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். இன்னும் கூப்பிடல... இந்தா கூப்பிட்டுட்டாவளே, நம்ம நம்பர்தான். நீங்க முன்னால போங்க, நான் பைய எடுத்துட்டு வாரேன்.

என்ன? அழுதேனா? நானா? நான் எங்க அழுதேன்! சும்மா இந்த அக்காகிட்ட பேசிட்டு இருந்தேன். இல்லங்க. உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும். போங்க, நேரமாவுது.

எக்கா.

கேட்டீங்களா, என்ன சொல்லிட்டுப் போறாவன்னு? 'அங்க இருந்து பாக்கையில நீ கண்ணத் தொடச்சுத் தொடச்சு அழுத மாதிரியே தெரிஞ்சுது. இன்னும் சரியாகல போல. டாக்டரம்மாகிட்ட இதையும் சொல்லிருதேன்.'

நான் என்ன எக்கா சொன்னேன் இப்ப? இவ்வளவு நேரம் உங்ககிட்ட வாய் கிழியப் பேசிட்டு, இப்ப நான் என்ன சொன்னேன்? அவிய என்னத்தக் கேட்டுட்டாவ? அழுதியான்னுதான கேட்டாவ? அதுக்கு ஆமான்னு சொன்னா யாரு குடி கெட்டுச்சு? இன்னும் ஒரு மாத்திரையக் கூட்டிருவாவளே. கையே வெளங்காமப் போயிருமே.

இந்த டீயப் பிடிங்க. எங்கயாவது வைங்க, கொட்டுனாக் கொட்டட்டும்.

ஏங்க! நில்லுங்க! நான் அழுதேன்! நீங்க கண்டது நெசந்தான், நான் அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன்! நில்லுங்களேன்! சிஸ்டர், கதவச் சாத்தாதீங்க, அவிய டாக்டரம்மாகிட்ட சொல்லுததுக்கு முன்னால நான் பேசணும்.